வெளிநாட்டில் சட்டம் படிக்கப் போறீங்களா? யுனிவர்சிட்டிக்கு முன்னாடி லைசென்ஸைப் பாருங்க

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளையோ, சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளையோ இருக்கும் வீட்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: ‘ஃபாரின்ல லா படிக்கணும்னா எந்த யுனிவர்சிட்டி நல்லா இருக்கும்?’

தி.நகரிலும் அடையாறிலும் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சிகளில் இதற்குப் பதில் ரெடியாக இருக்கும். ரேங்கிங், ஃபீஸ், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எல்லாம் பத்து நிமிடத்தில் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. படித்து முடித்த பிறகு எந்த நாட்டில், எந்த லைசென்ஸை வைத்து வக்கீலாக வேலை பார்ப்பது?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கோட் எழுதத் தெரிந்தால் ஆஸ்டினிலும் வேலை பார்க்கலாம், தரமணியிலும் பார்க்கலாம். சட்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம், தனி பார் கவுன்சில், தனித் தேர்வு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம்கூட மாறும். வெளிநாட்டுப் பட்டம் கையில் இருந்தும் எங்கேயும் கோர்ட்டில் நிற்க முடியாத நிலை வரலாம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பலருக்கு இது போன பிறகுதான் தெரிகிறது.

பாரிஸ்டர் மவுசு எங்கிருந்து வந்தது?

சென்னையில், குறிப்பாக மயிலாப்பூரில், ‘லண்டன் போய் லா படிச்சவர்’ என்றால் இன்றும் ஒரு மரியாதை இருக்கிறது. அதற்கு வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் லண்டனின் நான்கு ‘இன்’களில் ஒன்றில் சேர்ந்து பாரிஸ்டர் ஆனவர், கப்பலில் திரும்பி வந்து நேரே இங்கே தொழில் தொடங்கலாம். மோகன் குமாரமங்கலம் அந்த வழியில் வந்தவர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ், லண்டன் இன்னர் டெம்பிள் என்று படித்துவிட்டு வந்து, 1966-ல் மெட்ராஸ் மாநில அரசின் அட்வகேட் ஜெனரல் ஆனார்.

ஆனால் இதே ஊரின் இன்னொரு கதையைக் குடும்பங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. லண்டன் போகாமல் உள்ளூரிலேயே படித்த வக்கீல்கள் பாரிஸ்டர்களுக்குச் சமமாக நின்று ஜெயித்த ஊர் இது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் பாரிஸ்டர்களின் ஆதிக்கம் வெகுகாலம் நீடித்தது. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் உள்ளூர் வக்கீல்களுக்கு அந்தக் கதவு சீக்கிரமே திறந்துவிட்டது. மெட்ராஸ் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்த முதல் இந்தியரான வி.பாஷ்யம் அய்யங்கார் பாரிஸ்டர் இல்லை, வக்கீல். லஸ் சர்ச் சாலையில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் படித்தது மெட்ராஸ் சட்டக் கல்லூரியில்தான். 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்துவிட்டு, பிறகு அரசியல் சாசன வரைவுக் குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஒருவரானார்.

அந்தக் குழுவின் தலைவர் அம்பேத்கர். கொலம்பியா, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிரேஸ் இன் என்று அவருடைய வெளிநாட்டுப் படிப்பின் பட்டியல் நீளம். அந்தப் படிப்புக்கு அவர் கொடுத்த விலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பரோடா சமஸ்தான உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். வேலை பார்த்துப் பணம் சேர்த்து, உதவியும் பெற்று, 1920-ல் மறுபடி போனார். பாரிஸ்டராகத் திரும்பி வந்து 1923-ல் பம்பாயில் தொழில் தொடங்க சன்னது வாங்கவே கையில் பணமில்லாமல், நண்பர் நவல் பதேனாவின் உதவியை நாட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பட்டமும் உள்ளூர் வருமானமும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்பது இன்று ஆரம்பித்த பிரச்சினை இல்லை.

பாரிஸ்டர், வக்கீல் என்ற பிரிவினையை 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் ஒழித்து, எல்லோரையும் ‘அட்வகேட்’ ஆக்கியது. அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவில் ஒரு தேதி இருக்கிறது. 31 டிசம்பர் 1976. அந்தத் தேதிக்குள் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர் மட்டும்தான் அந்தத் தகுதியை வைத்து இங்கே பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு, இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த பட்டம் இருக்க வேண்டும், அது கேட்கும் தேர்வுகளை எழுத வேண்டும். தாத்தா காலத்து பாரிஸ்டர் மவுசு குடும்ப ஞாபகத்தில் அப்படியே இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அது முடிந்து ஐம்பது வருடம் ஆகிறது.

68 லட்சமும் 20 ஆயிரமும்

இப்போது காசுக்கு வரலாம். ஹார்வர்டு எல்.எல்.எம். படிப்புக்கு டியூஷன் மட்டும் வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல். ஒரு டாலரை 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே 68 லட்சம் ரூபாய். தங்குவது, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. எல்லாப் பல்கலைக்கழகமும் ஹார்வர்டு இல்லை, இங்கிலாந்தில் இதைவிடக் குறைவாகவும் முடிக்கலாம். ஆனாலும் லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு வருடம் வாழ்ந்து படித்துவிட்டு வரப் பெரும் தொகை வேண்டும்.

உதாரணத்துக்கு 50 லட்சம் ரூபாய் கல்விக் கடன் என்று வைத்துக்கொள்ளலாம். 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை. இ.எம்.ஐ. மாதம் ஏறக்குறைய 69,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இந்தக் கணக்கில் இல்லை.

மறுபக்கம் வருமானம். ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. இதை நீதிமன்றம் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை புரியும். அந்த 20,000 முழுசாகக் கையில் வந்தாலும், இ.எம்.ஐ. அதைப் போல மூன்றரை மடங்கு.

சீனியர் சேம்பரில் வெளிநாட்டு எல்.எல்.எம்.முக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? வழக்குப் பார்க்கும் சேம்பரில் முதல் சில வருடங்கள் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, அஃபிடவிட் டிராஃப்ட் செய்வதுதான் வேலை. அங்கே சீனியர் பார்ப்பது டிராஃப்டிங்கையும் ஓட்டத்தையும்தான். பெரிய கார்ப்பரேட் லா ஃபர்ம்களில் கதை வேறு, அங்கே வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஃபர்ம்களின் பெரிய அலுவலகங்கள் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கின்றன. எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைவு.

ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பொதுவாக வங்கிகள் ஈடு கேட்கும். மயிலாப்பூர், அடையாறு நடுத்தர வர்க்கத்தில் அந்த ஈடு என்பது பெரும்பாலும் அப்பா ரிட்டயர் ஆகும்போது வாங்கிய ஃபிளாட். பையனோ பெண்ணோ எடுக்கும் ரிஸ்க் உண்மையில் யார் தலையில் விழுகிறது என்பது அந்தப் பத்திரத்தைப் பார்த்தால் தெரியும்.

இதோடு ஒப்பிட இன்னொரு தொகை. இங்கே அட்வகேட்டாகப் பதிவு செய்ய பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் இஷ்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை, சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

பிளஸ் டூ முடித்ததும் லண்டனா?

இருப்பதிலேயே அதிகம் யோசிக்க வேண்டிய முடிவு இது. இங்கிலாந்தில் எல்.எல்.பி. மூன்று வருடப் படிப்பு, பிளஸ் டூ முடித்ததும் நேரே சேரலாம். ‘இங்கே அஞ்சு வருஷம், அங்கே மூணே வருஷம்’ என்று சொல்லும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து சென்னையில் தொழில் செய்ய நினைத்தால்தான் கணக்கு மாறும். முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் மூன்றே வருடத்தில் முடித்த பட்டம் என்றால், குறையும் காலத்தை ஈடுகட்ட இந்தியாவில் இரண்டு வருட பிரிட்ஜ் கோர்ஸ். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்ற இந்தியர்களுக்கென்று ஒரு தகுதித் தேர்வும் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை என்று இங்கே படித்தவர் கல்லூரியிலேயே முடித்ததை அவர் அப்போதுதான் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதன் பிறகு பதிவு, பிறகு எல்லோரையும் போல அகில இந்திய பார் தேர்வு. மூன்றும் இரண்டும் ஐந்து. மிச்சமான வருடம் ஒன்றுமில்லை, செலவு மட்டும் பல மடங்கு.

அங்கேயே இருந்து, அங்கேயே தொழில் செய்வதுதான் திட்டம் என்றால் அந்த எல்.எல்.பி. சரியான முடிவு. அமெரிக்காவில் செட்டில் ஆக நினைப்பவருக்கு மூன்று வருட ஜே.டி. படிப்பு அதே மாதிரி. ‘போய்ப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்’ என்று யோசிப்பவருக்குத்தான் அடி. சட்டத்தில் திரும்பி வரும் டிக்கெட்டுக்கு விலை அதிகம்.

எல்.எல்.எம். இல்லாமலே திறக்கும் கதவு

கன்சல்டன்சிகளில் இதை யாரும் முந்திக்கொண்டு சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு லைசென்ஸ்தான் குறிக்கோள் என்றால், பல நேரங்களில் அதற்கு எல்.எல்.எம். தேவையே இல்லை.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் 360 கொள்குறிக் கேள்விகள், அதை உலகின் பல நாடுகளில் உள்ள தேர்வு மையங்களில் எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து தேர்வுக் கட்டணம் 5,000 பவுண்டை ஒட்டி வரும். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் ஒரு எல்.எல்.எம். செலவில் சிறு பகுதி. இந்தியாவில் பதிவு செய்த அட்வகேட் இதை எழுத எல்.எல்.எம். வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே கதை. கலிபோர்னியாவில், வெளிநாட்டில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் எல்.எல்.எம். இல்லாமலே பார் தேர்வு எழுதலாம். நியூயார்க்கில், இந்தியா போன்ற பொதுச் சட்ட மரபு நாட்டில் அங்குள்ள படிப்புக்கு நிகரான காலம் படித்த பட்டம் என்றால், எல்.எல்.எம். இல்லாமலே தகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. விண்ணப்பித்து மதிப்பீடு வாங்க வேண்டும்.

தேர்வில் பாஸ் ஆனால் வேலையும் விசாவும் வந்துவிடுமா? வராது. அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு ஒரு வருட வேலை அனுமதி கிடைக்கும். இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருட நீட்டிப்பு சட்டம் படித்தவர்களுக்கு இல்லை. அதற்குள் ஒரு ஃபர்ம் ஸ்பான்சர் செய்து ஹெச்-1பி லாட்டரியிலும் பெயர் வர வேண்டும். அங்குள்ள பெரிய ஃபர்ம்கள் முதலில் எடுப்பது ஜே.டி. முடித்தவர்களை. இங்கிலாந்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. படிப்பு முடித்த புதியவர்களுக்குச் சலுகை வரம்பு இருந்தாலும், சின்ன ஹைஸ்ட்ரீட் ஃபர்ம் ஒன்று வெளிநாட்டவருக்காக அவ்வளவு மெனக்கெடுமா என்பது சந்தேகம்தான்.

கன்சல்டன்சியில் ஆலோசனை இலவசம் என்பார்கள். மாணவர் சேர்ந்ததும் பல பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுக்கு கமிஷன் தருகின்றன, அதனால்தான் இலவசம். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ‘உங்களுக்கு எல்.எல்.எம். வேண்டாம், எஸ்.க்யூ.இ. எழுதுங்க’ என்று சொன்னால் யாருக்கும் கமிஷன் கிடையாது.

பார் கவுன்சில் செய்வது சரியா?

எல்லாப் பழியையும் குடும்பங்கள் மேலும் கன்சல்டன்சிகள் மேலும் போடவும் முடியாது. ஒரு வருட எல்.எல்.எம். விஷயத்தில் இந்திய பார் கவுன்சில் அடித்த பல்டி பலரை நடுவில் மாட்ட வைத்தது. 2013-ல் யு.ஜி.சி. வழியாக இங்கேயே ஒரு வருட எல்.எல்.எம். வந்தது. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் வெளியிட்ட விதிகள், ஒரு வருடப் படிப்பு கூடாது என்றன. வெளிநாட்டில் ஒரு வருடம் படித்த எல்.எல்.எம்.மும் இங்குள்ளதற்குச் சமம் ஆகாது, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருடம் கற்பித்த அனுபவமும் இருந்தால் ஏற்கலாம் என்றன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கோர்ட்டில் வாதாட எல்.எல்.எம். தேவையில்லை, அதனால் வழக்குப் பார்ப்பவர்களுக்கு இது பாதிப்பில்லை. அடி வாங்குவது சட்டக் கல்லூரியில் ஆசிரியராக நினைப்பவர்கள். வெளிநாட்டு நூலகத்தில் ஒரு வருடம் ஊறிவிட்டு வந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி ஓர் இடத்தில் பாடம் நடத்த வருபவரை வாசலிலேயே நிறுத்துவதால் இழப்பு மாணவர்களுக்குத்தான். ஆசிரியர் தரம் பற்றிய கவலை நியாயமானது. அதை நேர்முகத் தேர்விலேயே பார்த்துக்கொள்ளலாமே, மாதக் கணக்கைப் பார்த்து எதற்கு முடிவு செய்ய வேண்டும்? குறைந்தபட்சம், விதி மாறினால் அது இனிமேல் சேர்பவர்களுக்குத்தான் என்ற உத்தரவாதமாவது வேண்டும்.

வெளிநாட்டு லா ஃபர்ம்கள் விஷயத்திலும் கதவு மெதுவாகத்தான் திறக்கிறது. வெளிநாட்டு ஃபர்ம்களுக்கு எதிராக ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்குதான் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. 2023-ல் பார் கவுன்சில் விதிகளைக் கொண்டுவந்து 2025 மே மாதம் திருத்தியது. பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டம், சர்வதேச ஆர்பிட்ரேஷன் போன்றவற்றைப் பார்க்கலாம், கோர்ட்டில் ஆஜராக முடியாது. இங்கிலாந்து லைசென்ஸோடு சென்னையில் உட்கார்ந்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இது எதிர்காலத்தில் உதவலாம். அதை நம்பி இன்றே கடன் வாங்குவது அவசரம்.

அப்போ யார் போகலாம்?

வெளிநாட்டு எல்.எல்.எம். வீண் என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் பலருக்கு மாமா சீனியர் வக்கீல், இல்லையென்றால் அப்பாவின் சேம்பர் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி, குடும்பத்தில் முதல் ஆளாகக் கோட்டு போடும் ஒருவருக்கு அந்தச் சேம்பர் கதவு எளிதில் திறக்காது. அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயர்தான் அறிமுகக் கடிதம். அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் கடன் தாங்கும் சக்தி குறைவாக இருப்பதும் அவருக்குத்தான். அதனால் அவர் முதலில் தேட வேண்டியது கடனை இல்லை, ஸ்காலர்ஷிப்பை.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைப் படிப்பின் செலவை ஏற்கும். ஏறக்குறைய இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, குடும்ப வருமானம் வருடத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி. மற்றும் வேறு சில பிரிவு மாணவர்களுக்கானது. நாடு முழுக்க, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 125 இடம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு 125 என்பது போதவே போதாது. அம்பேத்கர் பெயரைச் சொல்லாத அரசு விழா கிடையாது, அவர் போன வழியில் போகக் கிடைக்கும் இடங்கள்தான் இவ்வளவு குறைவு.

சர்வதேச ஆர்பிட்ரேஷன், வரிச் சட்டம், டேட்டா பிரைவசி, மனித உரிமை, ஆசிரியர் பணி போன்ற துறைகளில் வெளிநாட்டுப் படிப்பு உண்மையிலேயே ஆளை மாற்றும். அதுவும் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, எந்தத் துறை தனக்கு என்று தெரிந்துகொண்டு போனால். ஐந்து வருடம் கல்லூரியில் இருந்துவிட்டு நேரே இன்னொரு கல்லூரிக்குப் போவதில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. நீதிபதி ஆக நினைப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு மூன்று வருட ப்ராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லண்டன் வகுப்பறையில் போன வருடத்தை யாரும் ப்ராக்டிஸ் என்று சான்று தரப்போவதில்லை.

எப்படிப் போனாலும், விமானம் ஏறுவதற்கு முன் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சிலில் பதிவை முடித்துவிட்டுப் போவது நல்லது. காரணம் மிக நடைமுறையானது. இங்கிலாந்தில் படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கும் கிராஜுவேட் ரூட் விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். 2026 செப்டம்பரில் எல்.எல்.எம். சேர்ந்தால் முடிப்பது 2027 கடைசியில், அதாவது 18 மாதக் கணக்கில். பதிவு செய்யாமல், வெறும் சட்டப் பட்டதாரியாகப் போனவர் அங்கே சொலிசிட்டர் ஆக எஸ்.க்யூ.இ.யோடு இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவமும் காட்ட வேண்டும். 18 மாத விசாவில் 24 மாத அனுபவத்தை எப்படி முடிப்பது? இந்தியாவில் பதிவு பெற்ற அட்வகேட்டுக்கு அந்த இரண்டு வருட நிபந்தனையே கிடையாது. 750 ரூபாய்ப் பதிவு அங்கே இரண்டு வருடத்தை மிச்சப்படுத்துகிறது.